நாற்காலி யாருக்கு?

(கணியம்பாடி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



வேலூர் கடைவீதிக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களும் இங்கே இருக்கிறீர்கள். கடை நடத்தும் வணிகப் பெருமக்களும் இருக்கிறீர்கள். இரு சாராரிடமும் ஒரே கேள்வி: கடையில் உட்காருபவர் யார்?

முதலாளி கல்லாவில் உட்காருகிறார். வாடிக்கையாளருக்கு ஸ்டூல் போடுகிறோம். துணி எடுத்துப் போடும் பையன் மட்டும் காலை முதல் இரவு வரை நிற்கிறான். கடையில் ஈ ஓட்டும் நேரத்திலும் நிற்கிறான். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம்! யாருடைய மரியாதை?

இதுதான் வர்க்க பேதம். திட்ட வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை. ஒரு நாற்காலியை மறுத்தாலே போதும். கால் நரம்பு சுருண்டு வீங்குவது அவனுக்கு, லாபம் நமக்கு.

கோழிக்கோட்டில் கடைகளில் நின்றே தேய்ந்த பெண்கள், தையல் தொழிலாளி விஜியின் முயற்சியால் ஒன்றுதிரண்டு போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழகமும் 1947ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். இதுவே சட்டம்.

இளைஞர்களே! இது சலுகையல்ல, உரிமை. தயங்காமல் கேளுங்கள். நாளை நீங்கள் கடை திறந்தாலும் மறவாதீர்கள்.

வணிகர்களே! பள்ளிவாசலில் அந்தப் பையனோடு தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். அந்தச் சமத்துவம் கடை வாசற்படியோடு நின்றுவிடலாமா? அதிகாரி வந்து கேட்கும்வரை காத்திராதீர்கள். நாளை கடை திறந்ததும் முதல் வேலையாக ஸ்டூலைப் போடுங்கள்!