இரக்கத்திற்கும் எல்லை வேண்டும்



பிறர் துயரைக் கேட்ட அன்றிரவே தம் உறக்கத்தை இழப்போர் பல குடும்பங்களில் உண்டு. ஒலிபெருக்கியின் இரைச்சலும் கண்கூசும் விளக்கொளியும் அவர்களை விரைவில் களைப்படையச் செய்யும். எதிரிலிருப்பவர் முகம் வாடினால், காரணம் அறியுமுன்பே அவர்கள் உள்ளமும் வாடும். அவர்களைத் "தொட்டாற்சிணுங்கி" என்று கேலி செய்யும் வீட்டாரே, துன்பம் வந்தால் முதலில் நாடுவதும் அவர்களைத்தான்.

இவ்வியல்பை ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன். 1996இல் இதுபற்றி அவர் நூல் வெளியிட்டார். மறு ஆண்டு தம் கணவர் ஆர்தர் ஆரனுடன் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், இதனை அளந்தறிய 27 வினாக்களை அமைத்தார். மக்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டினர் இத்தகையோர் என்பதும், இது நோயன்று, பிறவிக்குணமே என்பதும் அவர் கருத்து. நுண்ணுணர்வு மிக்கவர் எதையும் ஆழ்ந்து நோக்குவார். பிறர் கவனியாததைக் கவனிப்பார். ஆயினும், புலன்வழி வந்து குவிவன மிகுந்தால் மனம் தளர்வார். அவருக்குத் தனிமையும் அமைதியும் இன்றியமையாதவை.

எனினும் அவற்றை நாட அவர் தயங்குகிறார். "இயலாது" என்பது இரக்கமின்மை ஆகுமோ என்று அஞ்சுகிறார். வாய் இசைகிறது, உள்ளம் கசக்கிறது. கஷாயத்திற்கு ஆட்பட்டவர் பிறருக்குத் தீங்கிழைக்குமுன் தம் ஆன்மாவுக்கே தீங்கிழைக்கிறார் என்று புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திரர் விளக்கியுள்ளார். கொல்லாமை எல்லா உயிர்க்கும் உரியதெனில், தம் உயிர் மட்டும் அதற்கு விலக்காகுமோ?

எல்லை வகுத்தல் சமண இல்லறத்தாருக்குப் புதிதன்று. திசை விரதம் பூண்டவர், ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்வதில்லை என்று வாழ்நாள் முழுமைக்கும் வரையறுக்கிறார். தேச விரதம் அவ்வெல்லையைக் குறித்த காலத்திற்கு மேலும் சுருக்குகிறது. சாமாயிகத்தில் அமர்பவர் 48 நிமிடம் உலக அலுவல்களிலிருந்து விலகி நிற்கிறார். அவரை எவரும் கல்நெஞ்சர் என்பதில்லை. இவ்விரதங்களின் நோக்கம் ஆன்ம நலமே; வெறும் ஓய்வன்று. ஆயினும் அவற்றின் முறை அன்றாட வாழ்வுக்கும் துணையாகும். எல்லை முன்கூட்டியே வகுக்கப்படுகிறது. அதற்கு இடமும் காலமும் உண்டு. எவர்மீதும் பகை இல்லை.

இரவுதோறும் தொலைபேசியில் குறை கூறி அழும் உறவினரிடம், "எட்டு மணிக்குமேல் பேச இயலாது அக்கா, நாளைக் காலை நானே அழைக்கிறேன்" என்று இன்சொல்லால் கூறலாம். அச்சொல்லைத் தவறாது காப்பதும் வேண்டும். திருமண வீட்டில் பகல் முழுதும் ஓடியாடியவர் அரைமணி நேரம் தனியறையில் கண்மூடி அமரலாம். நோயுற்ற பெற்றோரைப் பேணுபவர், இரவில் விழித்திருக்கும் பொறுப்பை உடன்பிறந்தாருடன் முறைவைத்துப் பகிரலாம். நீண்ட விளக்கம் வேண்டா, பொய்க்காரணமும் வேண்டா.

கடமையிலிருந்து நழுவுவதற்கு எல்லை ஒரு திரையாகிவிடலாகாது. உறக்கமின்மையும் மனத்துயரும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும். வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. நுண்ணுணர்வு மிக்கவர் சிறிது நேரம் கதவைச் சாத்தினால், அதைக் கோபமென்று கொள்ளாதிருத்தல் அவர்களின் கடமை. ஓய்ந்து எழுந்தவர் கசப்பின்றி மீண்டும் பிறர் துயர் கேட்பார். அத்தகைய இரக்கமே நெடுநாள் நிலைக்கும்.