லோவுட்டின் பழைய மாணவியர்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு ஆண்டில் எந்த நூலைப் பற்றிப் பேசலாம் என்று வாசகர் வட்டத்தினராகிய நாம் கூடி யோசித்தபோது, 'ஜேன் எயர்' நாவலைத் தெரிவுசெய்தோம். ஆதரவற்ற ஒரு சிறுமி வளர்ந்து ஆளாகும் கதை என்பதால் அது எல்லோருக்கும் பிடித்தமானது. ஆனால் பழைய மாணவியர் சங்கத்துக்கு அது பொருத்தமானது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த நாவலின் வாசகர்களிடையே எழுந்த பெரிய சச்சரவுகளில் ஒன்று, ஒரு பெண்கள் பாடசாலையின் நற்பெயரைப் பற்றியது.

நாவல் 1847 ஒக்டோபரில் லண்டனில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் கரர் பெல் என்றிருந்தது. அது ஷார்லட் புரொண்டே என்னும் பாதிரியார் மகளின் புனைபெயர் என்பது பதிப்பாளருக்கே அப்போது தெரியாது. பதிப்பாளர் ஜோர்ஜ் ஸ்மித் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் பிரதியைக் கையிலெடுத்தவர், அன்றைய வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வாசித்து முடித்த பின்னரே படுக்கைக்குப் போனார்.

கதையை எமது சகோதரிகள் பலர் ஆங்கில வகுப்பிலே சுருக்கப் பதிப்பாகவாவது வாசித்திருப்பீர்கள். பத்து வயது ஜேன், மாமி வீட்டிலிருந்து லோவுட் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்படுகிறாள். கருகிய கஞ்சி, உறைந்துபோன தண்ணீர், போதாத உடுப்பு. பாடசாலையை நடத்தும் புரொக்கிள்ஹேர்ஸ்ற் அவளை எல்லோர் முன்னிலையிலும் வாங்கில் ஏற்றி நிறுத்திப் பொய்க்காரி என்கிறார். அவளுடைய தோழி ஹெலன் பேர்ண்ஸ் சயரோகத்தால் இறந்துபோகிறாள். பின்னர் ஜேன் ஒரு பெரிய மாளிகையில் ஆசிரியையாகி, அவ்வீட்டு எசமானர் ரொச்செஸ்டரை நேசிக்கிறாள். திருமண நாளன்று, அவருடைய மனைவி அதே வீட்டின் மேல்மாடியில் அடைக்கப்பட்டிருப்பது தெரியவருகிறது. ஜேன் அங்கிருந்து தனியே வெளியேறுகிறாள். மிகுதியை அறியாதவர்கள் வாசித்து அறிந்துகொள்ள வேண்டும்.

லோவுட்டுக்கு ஆதாரமாக அமைந்தது லங்காஷயரில் கோவன் பிரிட்ஜ் என்னுமிடத்தில் இருந்த பாடசாலை. வசதி குறைந்த பாதிரிமாரின் பெண்பிள்ளைகளுக்காக வில்லியம் கேரஸ் வில்சன் என்னும் பாதிரியார் 1824இல் அதனைத் தொடங்கினார். நமது நாட்டில் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியதும் அதே 1824இல்தான். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று இரண்டு நாடுகளிலும் பலர் கேட்ட காலம் அது.

புரொண்டே குடும்பத்திலிருந்து நான்கு பிள்ளைகள் கோவன் பிரிட்ஜுக்குப் போனார்கள். அப்போது ஷார்லட்டுக்கு எட்டு வயது. மூத்தவர்களான மரியாவும் எலிசபெத்தும் அங்கே நோயுற்று, 1825இல் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒருவருக்கு வயது பதினொன்று, மற்றவருக்குப் பத்து. ஹெலன் பேர்ண்ஸ் என்பவள் அக்கா மரியாதான். இருபத்திரண்டு ஆண்டுகள் மனதில் சுமந்திருந்ததைத்தான் ஷார்லட் நாவலில் எழுதினார்.

நாவல் வெளிவந்து சில வாரங்களில் நடந்த ஒரு சம்பவத்தை ஷார்லட்டே கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். வயதான ஒரு பாதிரியார் நாவலை வாசித்துக்கொண்டிருந்தவர், 'இது அந்தப் பாடசாலையல்லவா, இவர் அவரல்லவா!' என்ற பொருளில் வியந்திருக்கிறார். அதில் வரும் ஒவ்வொருவரையும் அவர் இனங்கண்டுகொண்டார். எழுதியது உண்மை என்றும், அந்தப் பெரியவருக்கு அது வேண்டியதுதான் என்றும் சொன்னார். எழுதியவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

எல்லா வாசகரும் அப்படிப் பாராட்டவில்லை. 1848 டிசம்பரில் 'குவாட்டர்லி ரிவியூ' சஞ்சிகையில் எலிசபெத் ரிக்பி என்னும் பெண்மணி கடுமையான விமர்சனம் எழுதினார். ஜேன் நன்றியற்றவள், பணிவற்றவள், கடவுள் அமைத்த ஒழுங்குக்கு எதிராக முணுமுணுப்பவள் என்பது அவர் குற்றச்சாட்டு. தரும நிதியில் உணவும் கல்வியும் பெற்ற பிள்ளை குறை சொல்லலாமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வி இன்றும் பாடசாலைகளில் கேட்கிறது என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும்.

ஷார்லட் 1855இல் காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின், எழுத்தாளர் எலிசபெத் கஸ்கெல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது கோவன் பிரிட்ஜின் பெயர் பகிரங்கமாகியது. பத்திரிகைகளில் கடிதங்கள் பறந்தன. வில்சனின் குடும்பத்தார் பாடசாலையின் பக்கம் நின்றார்கள். ஷார்லட்டின் கணவர் நிக்கல்ஸ் மனைவியின் பக்கம் நின்றார். அங்கே கற்றவர்களும் கற்பித்தவர்களும் இரண்டு பக்கமும் சாட்சி சொன்னார்கள். ஆண்டுக்கு 14 பவுண் கட்டணத்தில் வேறு யார் எமக்குக் கல்வி தந்திருப்பார்கள் என்பது ஒரு தரப்பு. நாம் பட்ட பசியும் குளிரும் பொய்யா என்பது மறுதரப்பு. கஸ்கெல் தமது நூலின் மூன்றாம் பதிப்பில் அப்பகுதியைத் தணித்து எழுதவேண்டியதாயிற்று.

இதைப் பற்றி ஷார்லட் என்ன நினைத்தார் என்பதையும் கஸ்கெல் பதிவுசெய்திருக்கிறார். இவ்வளவு விரைவில் பாடசாலையை அடையாளங் காண்பார்கள் என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டேன் என்று ஷார்லட் சொன்னாராம். ஆனால், தாம் அங்கே அறிந்த அளவில், எழுதியதில் உண்மைக்குப் புறம்பான சொல் ஒன்றுமில்லை என்றும் சொன்னாராம்.

எந்தத் தரப்பு சரி என்று நமது வட்டத்தில் நெடுநேரம் விவாதித்தோம். விடை நாவலுக்குள்ளேயே இருப்பதைக் கண்டோம். லோவுட்டின் கொடுமையை மறவாத பலரும் அதற்கடுத்த பக்கங்களை மறந்துவிடுகிறார்கள். தொற்றுநோய் பரவிப் பிள்ளைகள் இறந்த பின் விசாரணை நடக்கிறது. புதிய கட்டடம் வருகிறது, உணவும் உடுப்பும் திருந்துகின்றன, நிர்வாகம் ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கு மாறுகிறது. ஜேன் அங்கே எட்டு ஆண்டுகள் இருக்கிறாள். ஆறு ஆண்டு மாணவி, இரண்டு ஆண்டு ஆசிரியை. திருந்திய லோவுட்டைப் பயனுள்ள, மேன்மையான நிறுவனம் என்று அவளே சொல்கிறாள். நடந்ததை மறைக்கவும் இல்லை, பெற்றதை மறுக்கவும் இல்லை. அத்துடன், குறைகள் வெளியே தெரியவந்த பிறகுதான் அந்தப் பாடசாலை திருந்தியது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பிற்கால வாசகர்கள் நாவலுக்கு வேறு கேள்விகளைக் கொண்டுவந்தார்கள். வேர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியபோது, ஆசிரியரின் கோபம் எழுத்தைக் குலைத்துவிட்டது என்று கருதினார். டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் றைஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' என்னும் நாவலை எழுதினார். ஜேனின் கதையில் தன் கதையைச் சொல்ல வாய்ப்பில்லாதிருந்த மேல்மாடிப் பெண்ணுக்கு, ஜமேக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த மனைவிக்கு, அதில் ஒரு வாழ்க்கை கிடைத்தது. தன்னைப் பேசவிடவில்லை என்று வருந்திய ஜேனின் கதையிலும் பேசாத ஒருத்தி இருந்தாள் என்பதை ஒரு வாசகிதான் எடுத்துக்காட்டினார்.

இனி நமது வட்டத்தின் வாசிப்புக்கு வருவோம். விடுதியில் இருந்தவர்கள் ஹெலனின் மரணத்தைப் போர்வைக்குள் அழுதபடி வாசித்ததை நினைவுகூர்ந்தார்கள். ஆசிரியைகளாக இருந்தவர்களுக்கு மிஸ் டெம்பிள்தான் முக்கியமாகப் பட்டார். காலைக் கஞ்சி கருகிப் பிள்ளைகள் பட்டினி கிடந்த நாளில், யாரிடமும் அனுமதி கேளாமல், தம் பொறுப்பில் பாணும் சீஸும் கொடுக்கச் சொன்னவர் அவர். அதற்காக மேலிடத்தின் ஏச்சையும் வாங்கிக்கொண்டார். அப்படி ஓர் ஆசிரியை எல்லோருக்கும் வாய்த்திருப்பார். இந்த மண்டபத்திலும் சிலர் அமர்ந்திருக்கிறார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் சகோதரிகள் எழுதியனுப்பிய குறிப்புகளில் வேறொரு பகுதி திரும்பத் திரும்ப வந்தது. இருபது ஷில்லிங்கும் ஒரு சிறு பொதியுமாக வீட்டை விட்டுப் புறப்பட்ட ஜேன், பொதியையும் வண்டியில் விட்டுவிட்டு, தெரியாத ஊரில் பசியோடு கதவு கதவாகத் தட்டுகிறாள். பன்றிக்குப் போட இருந்த கஞ்சியை வாங்கிக் குடிக்கிறாள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இரவோடிரவாக இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்த அத்தியாயத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. பின்னர் அவளுக்கு 20,000 பவுண் சொத்து வந்தபோது, அதை நான்காகப் பங்கிட்டு, தன்னை வாசலில் ஏற்றுக்கொண்ட மூவருக்கும் சமமாகக் கொடுக்கிறாள். ஊரிலுள்ள பாடசாலைக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் சகோதரிகளுக்கு அதுவும் புரியும்.

நூற்றாண்டு மலரில் நாம் எல்லோரும் நல்லதையே எழுதுவோம். எழுதவும் வேண்டும், பெற்றது அதிகம். ஆனால் அழைப்பிதழ் கிடைத்தும் வராதவர்கள் சிலர் இருப்பார்கள். கட்டணம் கட்ட முடியாததால் வகுப்புக்கு வெளியே நின்ற பிள்ளை, செய்யாத குற்றத்துக்காக ஒன்றுகூடலில் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளை, எந்தப் பாடசாலைக்கும் இருப்பார்கள். அவர்களும் பழைய மாணவியர்தான். அவர்கள் சொல்வதைக் கேட்பதால் பாடசாலையின் பெயர் கெட்டுவிடாது.

ஆகவே வாசகர் வட்டத்தின் சார்பில் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். நமது நூலகத்தில் பழைய மாணவியரின் நினைவுக் கடிதங்களுக்கென ஒரு கோவையைத் தொடங்குவோம். புகழ்ந்து எழுதியதையும் மனம் நொந்து எழுதியதையும் ஒரே கோவையில் வைப்போம். பெயர் போட விரும்பாதவர்கள் போடாமல் எழுதட்டும். அடுத்த நூறு ஆண்டுகளில் இங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பொறுப்பேற்கும் ஆசிரியைகளுக்கும் அது உதவும். எங்கே இருந்தாலும், இதை வாசிக்கும் சகோதரிகள் தங்கள் முதற் கடிதத்தை இந்த ஆண்டிலேயே அனுப்பிவைக்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.