சின்னச் சொற்கள் செய்யும் பெரிய வேலை

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில், பழைய மாணவிகளும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியைகளுமான இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தின் பின்வாங்கில் ஒன்றாக இருந்து படித்து, பிறகு இதே பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்து, ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் இருவரும். நூற்றாண்டு மேடையில் பெருமை பேசுவதுதான் வழக்கம். நாங்கள் இன்று எங்கள் படிப்பித்தலில் விட்ட ஒரு பிழையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு வந்திருக்கிறோம்.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை இப்போது கனடாவில் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன்னர் அவளுடைய தாயார் கடும் சுகவீனமுற்று அங்கே வைத்தியசாலையில் இருந்தார். மூச்சு விடுவதற்குக் குழாய் போட்டிருந்தார்கள். விடியற்காலை தொலைபேசி அடித்தது. தாதி சொன்ன வசனத்தில் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது இரண்டு சொல்: ‘புல்ட் த்ரூ’. புல் என்றால் இழுப்பது, பிடுங்குவது. அம்மாவின் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டாள். மறுமுனையில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவும் திராணியில்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டாள். அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு உறவினர்களும் வந்து, இலங்கைக்கு யார் அறிவிப்பது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். நித்திரையால் எழும்பி வந்த ஒன்பது வயது மகன்தான், “அவை என்ன சொன்னவை? அப்பிடியே சொல்லுங்கோ அம்மா” என்று கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, “அப்பிடியெண்டா அம்மம்மா தப்பீற்றா எண்டெல்லோ அர்த்தம்!” என்றானாம்.

ஆபத்தான இரவைத் தாண்டிவிட்டார் என்பதுதான் அந்தத் தாதி சொன்ன நல்ல செய்தி.

பின்னொரு நாள் அவள் எங்களோடு பேசும்போது இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசியில் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “ரீச்சர், நீங்கள் தந்த பட்டியலிலை உந்தச் சொல்லு இருந்ததோ?”

இருந்தது. பழைய கொப்பியைத் தேடி எடுத்துப் பார்த்தோம். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். வாரத்துக்கு இருபது. வெள்ளிக்கிழமை சோதனை. அந்தப் பிள்ளை எப்போதும் இருபதுக்கு இருபது எடுப்பவள். நாங்கள் படிப்பித்தோம், அவளும் படித்தாள். ஆனால் வேண்டிய நேரத்தில் அந்தச் சொல் அவள் கைக்கு வரவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசாத நாள் குறைவு.

வினைச்சொல்லோடு அப், ஓஃப், அவுட், த்ரூ போன்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தில் ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்பார்கள். தமிழில் கூட்டுவினை என்று வைத்துக்கொள்வோம். சாமுவேல் ஜோன்சன் 1755 இல் வெளியிட்ட தமது அகராதியின் முன்னுரையிலேயே, பிறமொழியாளருக்கு மிகக் கடினமாயிருப்பது இந்தச் சேர்க்கைதான் என்று எழுதியிருக்கிறார். ஆனால் ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்ற பெயரை லோகன் பியர்சோல் சிமித் என்பவர் தமது நூலில் கையாண்டது 1925 இல்தான். ஆகவே அந்தப் பெயருக்கும் எங்கள் சங்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சிறிய சொற்கள்தான் சுலபம் என்று அறிஞர்களும் நினைத்ததுண்டு. 1930 இல் சி. கே. ஒக்டன் என்பவர் 850 சொற்களே கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற எளிய ஆங்கிலத்தை அமைத்தார். வினைச்சொற்கள் அதில் பதினெட்டு மாத்திரமே. மற்ற வினைகளையெல்லாம் அப், ஓஃப், அவுட் சேர்த்தே சொல்லவேண்டும். எண்ணிக்கை குறைந்தது உண்மை. பாரம் குறையவில்லை. ‘புட்’ தெரியும், ‘ஓஃப்’ தெரியும்; இரண்டும் சேர்ந்தால் பின்போடுதல் என்று யார் சொல்லித் தருவது?

எங்கள் தலைமுறையின் ஆங்கிலம் புத்தகத்திலிருந்தும் கந்தோர்க் கடிதத்திலிருந்தும் வந்தது. ‘போஸ்ட்போன்’ என்ற பெரிய சொல் எங்களுக்குத் தெரியும். ‘புட் ஓஃப்’ என்றால் தடுமாறுவோம். ‘டிஸ்கவர்’ தெரியும், ‘ஃபைன்ட் அவுட்’ நாவில் வராது. வெள்ளைக்காரர் குசினியிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் பேசுவது இந்தச் சின்னச் சொற்களைத்தான். கனத்த சொல்லைக் கற்றவர்கள் இலேசான சொல்லில் இடறி விழுந்தோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் நாட்டு ஆங்கிலத்தில் பட்டம் பெற்று வெளியேறுவதைப் ‘பாஸ் அவுட்’ என்கிறோம். இங்கிலாந்தில் அதைக் கேட்பவருக்கு முதலில் தோன்றும் பொருள் மயங்கி விழுதல். இலண்டனிலுள்ள எங்கள் தோழி ஒருத்தி, தான் பேராதனையில் பாஸ் அவுட் ஆனதாகப் பெருமையோடு சொல்ல, கேட்டவர்கள் இப்போது உடம்பு எப்படி என்று விசாரித்தார்களாம்!

மாணவச் செல்வங்களே, இதைக் கேட்டுப் பயப்படவேண்டாம். இந்த வித்தை உங்களுக்கு ஏற்கனவே தெரியும். தமிழும் இதைத்தான் செய்கிறது. ‘கண்டுபிடி’ என்கிறோம், அதிலே காணுதலும் பிடித்தலும் எங்கே? ‘விட்டுக்கொடு’ என்கிறோம், எதை விட்டோம், எதைக் கொடுத்தோம்? பரீட்சையை ‘ஒத்திப்போட்டார்கள்’ என்னும்போது அங்கேயும் ஒரு ‘போடு’ இருக்கிறது, ஆங்கிலக்காரனின் ‘புட்’ போலவே. ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று அம்மா சொல்லிவிட்டுப் போனால், தம்பியை முறைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பீர்களா? பராமரிக்கச் சொன்னார் என்று விளங்கிக்கொள்வீர்கள். ஆங்கிலத்தின் ‘லுக் ஆஃப்டர்’ அதுதான். அங்கேயும் பார்வைதான் பராமரிப்பாகிறது. ‘பாலைக் குடி’ என்பதற்கும் ‘பாலைக் குடித்துவிடு’ என்பதற்கும் உள்ள வேறுபாடே ‘டிரிங்க்’, ‘டிரிங்க் அப்’ என்பதன் வேறுபாடு. எங்கள் ‘விடு’ செய்யும் வேலையை அங்கே ‘அப்’ செய்கிறது.

நாங்கள் அகரவரிசைப் பட்டியல் தந்ததுதான் பிழை. வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டோம், வால் சொல்லைக் கவனிக்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் நூலகத்தில் நடத்தும் வகுப்பில் வாலைப் பிடித்தே தொடங்குகிறோம். ‘அப்’ பல இடங்களில் முழுமையாக முடித்தல்: ஈட் அப், யூஸ் அப். ‘ஓஃப்’ பிரிதல், விலகுதல்: சப்பாத்தைக் கழற்றினாலும் விமானம் தரையை விட்டுக் கிளம்பினாலும் டேக் ஓஃப்; நாளைத் தள்ளிவைத்தால் புட் ஓஃப். ‘அவுட்’ மறைந்தது வெளியே வருதல்: ஃபைன்ட் அவுட், பொயின்ட் அவுட். கையிருப்புத் தீர்ந்துபோவதற்கும் அதே அவுட்தான். கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளுக்கு ‘ரன் அவுட்’ தெரியும். வீட்டில் பால் ‘ரன் அவுட்’ ஆனால் விக்கெட் விழவில்லை, பால் முடிந்துவிட்டது! ‘த்ரூ’ ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வெளிவருதல். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த விடியற்காலையில் எங்கள் பிள்ளைக்கு ஒரு நூலிழையாவது கிடைத்திருக்கும். எல்லாச் சேர்க்கையும் இந்தக் கணக்குக்குள் வராது. வருவனவற்றைக் கொண்டு தொடங்கலாம்.

வேறு இரண்டு குறிப்புகள். ‘அதை’ என்ற சுட்டுச்சொல் வரும்போது ‘புட் இட் ஓஃப்’ என்று நடுவிலே வைக்கவேண்டும். ‘லுக் ஆஃப்டர் ஹேர்’ என்பதிலோ கடைசியில் வரும். விதியைப் பாடமாக்குவதிலும் பார்க்க வசனத்தை வாயால் பலமுறை சொல்லிப் பழகுங்கள். அடுத்தது, அழுத்தம். ‘கிவ் அப்’ என்பதில் குரல் உயர்வது அப்பில். ‘லுக் ஆஃப்டர்’ என்பதில் லுக்கில். காதைப் பழக்கினால் தொலைபேசியிலும் பிடிபடும்.

கொப்பியில் ஒரு கூட்டுவினையை எழுதினால், அருகே உங்கள் வீட்டு விடயத்தைக் கொண்டே ஒரு வசனம் எழுதுங்கள். மழைக்காக விளையாட்டுப் போட்டியைப் பின்போட்டது, அம்மம்மாவைப் பராமரிப்பது, சீனி தீர்ந்துபோனது. உங்கள் வாழ்க்கையோடு ஒட்டிய சொல் சோதனை முடிந்த பின்னும் உங்களோடு இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள். “வேறு மாதிரிச் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்கும் ஒரு வசனத்தை முதல் நாளே படிப்பித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். விளங்காததை ஒளிக்கப் படிப்பித்துவிட்டோம். கேட்டால் வெட்கம், பிழைவிட்டால் சிரிப்பார்கள் என்ற பயத்தை இந்த வகுப்பறைகளிலேதான் எங்கள் பிள்ளைகள் பழகினார்கள். அதற்காக இந்த மேடையில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

கடல் கடந்து வாழும் தோழிகளிடம் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் கணினிக்கும் தாராளமாகத் தந்திருக்கிறீர்கள். இனி வாரத்தில் அரை மணித்தியாலமும் தாருங்கள். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளை ஒருத்தியோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் கதையுங்கள். கடையில் நடந்ததை, பஸ்ஸில் கேட்டதைச் சொல்லுங்கள். அவள் விளங்கவில்லை என்று சொன்னால் சந்தோசப்படுங்கள். பின்வாங்கில் ஒரு பதிவுக் கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.

கனடாவிலிருக்கும் அந்தப் பிள்ளைதான் முதல் பெயரைத் தந்திருக்கிறாள்.