முப்பதில் ஐந்து: புதுச்சேரிக் கட்சி அரசியலும் பத்திரிகைக் கண்ணும்

(வைத்திக்குப்பத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எந்தக் கட்சியைப் பார்த்தாலும் எரிச்சலா வருது, பேப்பரைப் பிரிச்சா அதைவிட எரிச்சலா வருது. இந்தப் பேச்சு டீக்கடையிலும் கேட்கிறது, மீன் ஏலம் போகிற இடத்திலும் கேட்கிறது. நியாயமான எரிச்சல்தான். ஆனால் எரிச்சல்பட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டால் கட்சிக்காரனுக்கு நஷ்டமில்லை, பத்திரிகை முதலாளிக்கும் நஷ்டமில்லை. அதனால் அந்த எரிச்சலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கட்சிகள் நம் தலையை எண்ணுகின்றன. பத்திரிகைகள் அந்த எண்ணிக்கையை மட்டும் செய்தியாக எழுதுகின்றன. நாம் என்ன கேட்கிறோம் என்பது இரண்டு இடத்திலும் பதிவாவதில்லை.

முதலில் எண்ணிக்கையைப் பேசுவோம். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் ஓட்டு நடந்தது. இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்பது கேள்வி. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. அத்தனை பேரும் பிரதிநிதிகள், நகரசபை உறுப்பினர்கள். சேரிக்கோ குப்பத்துக்கோ அன்று ஓட்டுப்பெட்டி வரவில்லை. இணைப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் தலைவிதியை நம்மைக் கேட்காமல் எண்ணி முடிக்கிற பழக்கம் எவ்வளவு பழசு என்பதற்காகச் சொல்கிறேன். கட்சி தாவுவதும் அதே அளவு பழசுதான். பிரெஞ்சிந்திய சோசலிஸ்ட் கட்சியின் தலைவராக, பிரெஞ்சு ஆட்சிக்குத் தூணாக இருந்த எதுவார் குபேர் 1954 மார்ச்சில் இணைப்பின் பக்கம் வந்தார். 1963-இல் காங்கிரசின் முதலமைச்சராக உட்கார்ந்தார்.

அதே 1963-இல் வந்த யூனியன் பிரதேசச் சட்டப்படி நம் சட்டசபைக்கு 30 பேரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கலாம். 2016 தேர்தலில் பாரதிய ஜனதா ஒரு தொகுதிகூட ஜெயிக்கவில்லை. 2017 ஜூலையில் அந்தக் கட்சிக்காரர்கள் மூன்று பேர் நியமன உறுப்பினர்களாகப் பதவி ஏற்றார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிறகு 2021 சனவரி, பிப்ரவரியில் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒவ்வொருவராக ராஜினாமா. பிப்ரவரி 22-இல் நாராயணசாமி ஆட்சி போனது. அன்றைக்குக் கணக்கு என்ன? ஆளுங்கட்சிப் பக்கம் 12, எதிர்ப்பக்கம் 14. அந்தப் 14-இல் மூன்று பேர் நாம் ஓட்டுப் போடாதவர்கள். அவங்களைக் கழிச்சுப் பாருங்க, 11. பன்னிரண்டா பெருசு, பதினொண்ணா பெருசு? சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த நாட்களில் பத்திரிகைகள் இதை எப்படி எழுதின? கிரிக்கெட் ஸ்கோர் எழுதுகிற மாதிரி எழுதின. யார் அவுட், இன்னும் எத்தனை விக்கெட், யார் யாருக்கு வலை வீசுகிறார். வலை வீசுறவங்க நீங்க. உங்களைப் பத்தி எழுத இடமில்லாத பேப்பர், உங்க தொழில் சொல்லை மட்டும் இரவல் வாங்கி முதல் பக்கத்துல போடுது. சனவரி வரைக்கும் காங்கிரஸ் அமைச்சராக இருந்த நமச்சிவாயம், ஜூனில் பாரதிய ஜனதா அமைச்சர். பிப்ரவரி வரைக்கும் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த லட்சுமிநாராயணன், ஜூனில் என்.ஆர். காங்கிரஸ் அமைச்சர். முதலமைச்சர் ரங்கசாமியே 2001 முதல் 2008 வரை காங்கிரஸ் முதலமைச்சராக இருந்து, 2011-இல் சொந்தக் கட்சி ஆரம்பித்தவர்தான். கொடி மாறுது, ஆள் மாறலை. இந்தத் தாவலில் எந்தத் தெருவுக்கு என்ன கிடைத்தது, எந்தத் தெரு என்ன இழந்தது என்ற கணக்கை எழுத யாருக்கும் நேரமில்லை.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 30 தொகுதியில் தலித்துகளுக்கு ஒதுக்கியது ஐந்து: திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு. 2021 ஜூன் 27-இல் பதவியேற்ற ஐந்து அமைச்சர்களில் இரண்டு பேர் இந்தத் தனித்தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். நெடுங்காட்டின் சந்திர பிரியங்கா, ஊசுட்டின் சாய் சரவணன்குமார். ஏறக்குறைய நாற்பது வருடத்துக்குப் பிறகு புதுச்சேரிக்கு ஒரு பெண் அமைச்சர், அதுவும் ஒரு தலித் பெண் என்று எல்லாரும் கைதட்டினார்கள். படம் போட்டார்கள்.

2023 அக்டோபர் 10-இல் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். சாதியப் பாகுபாடும் பாலினப் பாகுபாடும், சூழ்ச்சி அரசியலும் பணபலமும் தன்னை வேலை செய்ய விடவில்லை என்று அதில் எழுதினார். அரசுத் தரப்பு, அவரை நீக்கச் சொல்லி முன்னமே பரிந்துரை போய்விட்டது என்றது. உடனே செய்தி எதைப் பற்றியது ஆனது? ராஜினாமாவா, நீக்கமா? அடுத்த அமைச்சர் யார்? எந்தச் சாதிக்கு அந்த இடம்? நாள்கணக்கில் இதையே கிண்டினார்கள்.

அவர் நல்ல அமைச்சரா இல்லையா என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. என் கேள்வி சாதாரணமானது. ஒரு அமைச்சர் கையெழுத்துப் போட்டு, எனக்குச் சாதிப் பாகுபாடு நடந்தது என்று சொல்கிறார். செய்தியாளன் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன? யார் செய்தது, எந்தக் கோப்பில், எந்தக் கூட்டத்தில் என்று தோண்ட வேண்டாமா? பொய் என்றால் பொய் என்று நிரூபி. உண்மை என்றால் ஆளைக் காட்டு. இரண்டையும் செய்யாமல் குற்றச்சாட்டை ஒரு வரியில் மூடி, பதவிப் போட்டியைப் பத்தி பத்தியாக எழுதுவது நடுநிலை ஆகாது. அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2024 மார்ச்சில் அந்த இடத்துக்கு வந்தவர் காரைக்கால் வடக்கின் திருமுருகன். பொதுத்தொகுதி. 2025 ஜூன் 27-இல், பதவியேற்று சரியாக நான்கு வருடம் முடிந்த அன்று, சாய் சரவணன்குமாரும் ராஜினாமா. ஜூலையில் அவர் இடத்துக்கு வந்தவர் காமராஜ் நகரின் ஜான்குமார். அதுவும் பொதுத்தொகுதி. தனித்தொகுதியில் ஜெயித்த ஒருவர்கூட அன்றைக்கு அமைச்சரவையில் இல்லை. பதவி கொடுத்தபோது சமூகநீதி என்று பேசிய கட்சிகள், எடுத்தபோது உட்கட்சி ஏற்பாடு என்றன. எதிர்க்கட்சிகள் இரண்டு அறிக்கை விட்டு அடங்கிவிட்டன.

இது தனிமனிதர்கள் பிரச்சினை இல்லை. 1932 பூனா ஒப்பந்தத்தோடு வந்த நோய் இது. தனித்தொகுதி உறுப்பினரைக் கட்சி நிறுத்துகிறது, ஊர்க்காரன் ஓட்டு ஜெயிக்க வைக்கிறது. அப்புறம் அவர் வாய் திறந்து சேரிக்காகப் பேசினால் அடுத்த முறை சீட்டு இருக்காது. கன்ஷிராம் அந்த ஒப்பந்தத்தின் ஐம்பதாவது வருடத்தில், 1982-இல், ஒரு புத்தகமே எழுதி இதைச் சொன்னார். ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து குரல் இல்லை.

சரி, இதை எழுத வேண்டிய மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்துப் போடச் சொன்ன விளம்பரத்தைக்கூட 'கேசரி' போடவில்லை. 1996-இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், தில்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு தலித்தைத் தேடினார். கிடைக்கவில்லை. 2006-இல் தில்லியின் 37 பத்திரிகை, தொலைக்காட்சி நிறுவனங்களில் முடிவெடுக்கிற 315 பேரை ஆராய்ந்தார்கள். தலித்தோ பழங்குடியோ ஒருவர்கூட இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாம் ஆய்வு செய்தியறைகளின் 121 தலைமைப் பதவிகளைப் பார்த்தது. 106-இல் உயர்சாதியினர். தலித், பழங்குடி பூஜ்யம். நூறு வருடம் போயிருக்கிறது தோழர்களே. அச்சு எந்திரம் மாறியது, ஆள் மாறவில்லை.

தமிழில் இன்னொரு வேடிக்கை. 1993-இல் சன் டிவி வந்தது. பிறகு ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன் என்று கட்சிக்கொரு தொலைக்காட்சி. வீட்டுக்குள்ளேயே கட்சி ஆபீஸ். 2007 மே மாதம் 'தினகரன்' ஒரு கருத்துக்கணிப்பு போட்டது. யார் வாரிசு என்பது கேள்வி. மதுரையில் அந்தப் பத்திரிகையின் அலுவலகம் எரிந்தது. செத்தது வாரிசுகள் இல்லை, வேலைக்குப் போன மூன்று தொழிலாளிகள். சில மாதத்தில் குடும்பத்துக்கு இன்னொரு தொலைக்காட்சி கிடைத்தது. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளரிடம் காசு வாங்கிச் செய்தி போட்ட கதையை மறுவருடம் பிரஸ் கவுன்சிலின் துணைக்குழுவே எழுதி வைத்தது. காசு கொடுத்தால் செய்தி என்றால், காசில்லாத சேரிக்கு எந்தப் பக்கத்தில் இடம்?

நமக்குக் கிடைக்கிற இடம் தெரியும். நாம் வெட்டுப்பட்டால் 'இரு பிரிவினரிடையே மோதல்'. வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். 1968-இல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்ததைக் கூலித் தகராறு என்று சுருக்கிய சொற்கள் இன்னும் செய்தி மேசைகளில் உயிரோடு இருக்கின்றன.

உங்கள் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலில் கல்லைக் கொட்டி நீட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. வடக்கே கரை அரித்தது. நகரக் கடற்கரைக்குப் பாறை போட்டார்கள். பாறை போட்ட இடத்துக்கு அப்பால் அரிப்பு நகர்ந்தது. அடுத்தடுத்த குப்பங்கள் மணலை இழந்தன. தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018-க்குப் பிறகு மறுபடி மணல் சேர்ந்தபோது அது பெரிய செய்தி, வண்ணப்படம். கட்டுமரம் ஏற்ற மணல் இல்லாதவன் கதை எப்போதாவது உள்பக்கத்தில் நாலு வரி.

இங்கே ஒன்றை மறைத்துப் பேசினால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிவாரணப் பட்டியல் போட்டபோது, கடலோரத் தலித்துகள் பல ஊர்களில் பாதிக்கப்பட்டவர்களாகவே எண்ணப்படவில்லை. படகு இல்லை, வலை இல்லை, அதனால் இழப்பும் இல்லை என்று கணக்கு. கரையில் சுமை தூக்கினவன், வயலில் கூலிக்குப் போனவன் பட்டியலில் இல்லை. நாகப்பட்டினத்தில் பிணங்களை அள்ளக் கொண்டுவரப்பட்டவர்கள் தலித் துப்புரவுத் தொழிலாளர்கள். சில இடங்களில் முகாமிலும் தண்ணீரிலும் பிரிவினை இருந்தது. கட்சியும் பத்திரிகையும் நம்மைப் பிரித்து எண்ணுகின்றன என்று நாம் குறைப்படும்போது, குப்பத்துக்கும் சேரிக்கும் நடுவில் நாமே போட்டுக்கொண்ட கோட்டையும் பார்க்க வேண்டும். அந்தக் கோடு இருக்கிறவரைக்கும் அவர்களுக்கு வேலை சுலபம்.

இது நம் ஊர்ச் சாபம் மட்டுமா? ஆஸ்திரேலியாவில் பத்திரிகை விற்பனையில் பெரும்பங்கு மர்டாக் என்ற ஒரே முதலாளியின் கையில். 2020-இல் அதை விசாரிக்க ஆணையம் வை என்று முன்னாள் பிரதமர் கெவின் ரட் மனுப்போட, ஐந்து லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆணையம் வரவில்லை. 2023 அக்டோபர் 14-இல், நெடுங்காட்டு அமைச்சர் கடிதம் கொடுத்த அதே வாரத்தில், அந்நாட்டுப் பூர்வகுடிகளின் குரலுக்கு அரசியல் சட்டத்தில் ஓர் இடம் கொடுக்கலாமா என்று ஓட்டு நடந்தது. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். சட்டம் செய்யக்கூட இல்லை, ஆலோசனை சொல்ல மட்டும் ஒரு குழு. அதுவே பொறுக்கவில்லை.

அப்ப என்ன செய்யலாம்? இருக்கிற ஒரு கதவைச் சொல்கிறேன். உள்ளாட்சி. புதுச்சேரியில் 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல், 38 வருடம் கழித்து. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தார்கள், இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் போய் நின்றது. 2025 முடியும்வரை நடக்கவில்லை. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன், 98 கிராமப் பஞ்சாயத்து. ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அது நடந்தால் தலித்துக்கும் பெண்ணுக்கும் ஒதுக்கிய நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு. சட்டசபையின் ஐந்து பேரைக் கட்சி மடக்கிப் பைக்குள் போடலாம். தெருவுக்குத் தெரு உட்கார்ந்திருக்கிறவர்களை அவ்வளவு சுலபமாக மடக்க முடியாது. அதனால்தான் காங்கிரசும் நடத்தவில்லை, என்.ஆர். காங்கிரசும் நடத்தவில்லை, கூட நின்ற திமுகவும் பாரதிய ஜனதாவும் அவசரப்படவில்லை. எதிலும் சேராத கட்சிகள் இதில் மட்டும் ஒரே அணி. எந்தப் பத்திரிகையாவது தினமும் முதல் பக்கத்தில் இந்த வருடக்கணக்கைப் போட்டதா?

ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கொடிக்காரனையும் வாசலில் நிறுத்தி முதலில் இதைக் கேளுங்கள்: உள்ளாட்சித் தேர்தலுக்கு நீ என்ன செய்தாய், எந்தத் தேதியில் செய்தாய்? சேரியிலும் கேட்போம், குப்பத்திலும் கேட்போம். ஒரே கேள்வி, ஒரே வார்த்தையில். பேப்பர் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள். இதைச் சொன்னது யார், யாரைக் கேட்காமல் எழுதினார்கள், 'மோதல்' என்ற சொல்லுக்குப் பின்னால் அடித்தவன் யார். பிறகு ஒரு நோட்டுப் போடுங்கள். படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தெருவில் நடந்ததைத் தேதி போட்டு, பெயர் போட்டு எழுதட்டும். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் காலணா அரையணாவை நம்பித்தான் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்த ஒரு பைசாப் பத்திரிகை இல்லையென்றால் அன்றைய நம் வாழ்க்கையில் பாதி இன்று யாருக்கும் தெரியாது. இந்தச் சிறுபத்திரிகையும் அந்த வழியில் வந்ததுதான். உங்கள் நோட்டை அனுப்புங்கள், நாங்கள் அச்சில் ஏற்றுகிறோம்.

ஜெய்பீம்.