வர முடியாதவளும் சேர்ந்தால்தான் கூடல்



எதிரணிப் பேராசிரியர் ஒரு போடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "கண்ணிலே ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, இல்லாத மண்டபத்தில் கூடுவது ஒரு கூட்டமா? பந்தியிலே இலை போட முடியுமா?" என்று கேட்டார். (சிரிப்பு)

ஐயா, 2022 பிப்ரவரி 6ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்திலே ஒரு கல்யாணம். கொரோனாக் காலம். 100 பேருக்கு மேல் கூடக் கூடாது. தாலி கட்டினது ஊரிலேதான். வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். மணமகளின் மறைந்துபோன அப்பாவுக்கு உருவம் செய்து அங்கே நிறுத்தினார்கள். இலை போட முடியாதுதான். ஆனால் எந்த மண்டபத்திலே ஐயா, போன அப்பாவை நிறுத்த முடியும்? (கைதட்டல்)

"அது பொம்மைதானே" என்பீர்கள். சரி, பொம்மையை விடுவோம். நம்ம மதுரைக்கே வருவோம்.

1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 2004 முதல் சிற்றூர்களிலே பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் கண்ணைச் சோதித்து விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். தூரத்திலிருக்கும் டாக்டர் திரையில் பார்த்து, நோயாளியோடு பேசுவார்.

உசிலம்பட்டிப் பக்கம் களையெடுக்கும் ஓர் அப்பத்தாவை நினைச்சுப் பாருங்கள். மதுரைக்கு வந்தால் அவள் கூலி போச்சு. கூட வரும் மகன் கூலியும் போச்சு. பஸ் காசு தனி. என்ன சொல்லுவாள்? "கிடக்கட்டும்ப்பா, வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும்!"

இந்தக் 'கிடக்கட்டும்'தான் ஐயா கண்ணைக் கெடுக்கிறது! புரை என்றால் பிறகாவது எடுக்கலாம். கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. பக்கத்து ஊரிலேயே டாக்டர் திரையில் வந்தால், கண்ணாடி போதுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆபரேஷன் என்றால் மட்டும் பயணம்.

ஒன்று சொல்கிறேன். அப்பத்தாவின் தாடையைப் பிடித்துக் கருவியிலே வைக்க, அங்கே ஒரு கை இருக்கிறது. அந்தக் கை இல்லாமல் திரை மட்டும் இருந்தால், நானே எதிரணிக்கு ஓட்டுப் போடுவேன்! (சிரிப்பு) நாளைக்குக் கண்ணில் மாட்டும் பெட்டி வந்தாலும் இதுதான் அளவுகோல்.

இந்த ஊருக்குக் கூடல் என்று பேர். வர முடிந்தவர்கள் மட்டும் சேர்ந்தால் அது கூட்டம். வர முடியாதவளையும் சேர்த்தால்தான் கூடல்! (கைதட்டல்)