வெள்ளிமலையில் மட்டும் பேட்டரி ஏன் படுத்துடுது?

ஆர்.சி. ஹெலிகாப்டர்னு சொன்னாலே நம்ம ஊர்ல அஜித் ஞாபகம்தான் வரும். இன்னைக்கு அதோட பேட்டரி பத்திப் பேசலாம்.

கள்ளக்குறிச்சி நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஊர் கிரவுண்ட்ல நாலு நிமிஷம் நல்லா பறக்குது. டிசம்பர் காலையில கல்வராயன் மலையில, வெள்ளிமலைப் பக்கம் பறக்கவிட்டா ரெண்டே நிமிஷத்துல பவர் இறங்கிடுது. இறக்கி அளந்தா செல்லுக்கு 3.8 வோல்ட் காட்டுது. என்ன பிரச்சினை?"

முதல் சந்தேகம் பேட்டரி மேலதான். சும்மா கிடக்குற பேட்டரியில அளக்குற வோல்டேஜை நம்பாதீங்க. லோடு ஏறும்போது அது எவ்வளவு இறங்குதுங்கிறதுதான் முக்கியம்.

கணக்கு போட்டுப் பாக்கலாம். 450 சைஸ் ஹெலி, மூணு செல், 2200 எம்ஏஎச் லிப்போ. நாலு நிமிஷத்துல 80 சதவீதம் காலி பண்ணா, சராசரியா 26 ஆம்பியர். வேகமா மேல ஏத்தும்போது 50 ஆம்பியர்னு வைங்க. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கொஞ்சம் மின்தடை இருக்கு. நல்ல செல்லுல அது 5 மில்லி ஓம்னா, 0.25 வோல்ட் இறங்கும். பழசாகி 15 ஆயிடுச்சுன்னா, 0.75 வோல்ட். அப்போ 3.8 வோல்ட் 3.05 ஆயிடும். உடனே ஈஎஸ்சி பவரைக் குறைக்கும். ஹெலியை இறக்கினதும் லோடு இல்ல. வோல்டேஜ் மறுபடி ஏறி, ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும்.

மலையில ரெண்டு விஷயம் சேருது. குளிர்ல அந்த மின்தடை கூடும். 900 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 8 சதவீதம் கம்மி, அதனால மோட்டாருக்குக் கூடுதல் பவர் வேணும். கீழ எப்படியோ சமாளிச்ச பேட்டரி மேல மாட்டிக்குது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? நல்ல சார்ஜர்ல செல் வாரியா மின்தடை காட்டும். ஃபுல் சார்ஜ்ல, வீட்டுச் சூட்டுல அளந்து எழுதி வைங்க. ஒரு செல் மட்டும் ரொம்ப அதிகம்னா அதுதான் ஆள். மூணும் சரின்னா கனெக்டரைப் பாருங்க. பறந்து வந்ததும் அது கொதிச்சா, சால்டரிங்லயோ பின்னுலயோ கோளாறு. எல்லாம் சரியா இருந்தும் மலையில திணறினா, பேக்கை ஜாக்கெட்டோட சுத்தி வெதுவெதுப்பா எடுத்துட்டுப் போங்க. முதல் அரை நிமிஷம் ஹோவர் மட்டும் பண்ணுங்க. டைமரையும் குறைச்சு வைங்க.

புதுசு வாங்கும்போது, 2200-ல 30சி-ன்னா காகிதத்துல 66 ஆம்பியர். ஆனா அந்த சி நம்பரை எப்படி அளக்கணும்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு விதி இல்ல. அதனால நம்பரை மட்டும் பாத்து வாங்காதீங்க. ஒரே எம்ஏஎச்-ல ரெண்டு பேக் இருந்தா எடையையும் பாருங்க. நம்ப முடியாத சி நம்பரோட ரொம்ப லேசா இருந்தா சந்தேகப்படுங்க.

கடைசியா ஒண்ணு. உப்பின பேக்கை சார்ஜ் போடாதீங்க, குத்தவும் கூடாது. ஹெலி விழுந்தா பேக்கைத் தேடி எடுக்காம கிளம்பாதீங்க. அடிபட்ட லிப்போ சில நிமிஷம் கழிச்சுக்கூட பத்திக்கும். அதைக் காஞ்ச புல்லுல இருந்து எடுத்து, வெறும் பாறை மேல வச்சு, தள்ளி நின்னு கால் மணி நேரமாவது கவனிங்க. ஹெலி போனா காசோட போச்சு; கல்வராயன்ல காடு பத்திக்கிட்டா, அங்க வாழுற ஜனங்களுக்குத்தான் நஷ்டம்.

அடுத்த எபிசோட்ல சார்ஜர் பத்திப் பேசலாம்.