சத்து மாத்திரை கேட்பதற்கு முன்



மருந்துக் கடைக்கு வரும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உடம்புக்குத் தெம்பா ஏதாவது சத்து மாத்திரை குடுங்க" என்பார். எதற்கென்று கடைக்காரருக்கும் புரியும். பாட்டில் கைமாறும். உடம்பில் எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சத்துக் குறைவால் ஆண்மை பாதிக்கப்படுவது உண்மைதான். 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில், இந்தியாவில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத்திடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்க்கப் பத்து வயதுப் பையன். பருவம் வந்ததற்கான அடையாளமே இல்லை. சாப்பாடு பெரும்பாலும் புளிக்க வைக்காத ரொட்டி, கூடவே களிமண்ணும் தின்பார். துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம் என்று பிரசாத் சந்தேகித்தார். பின்னர் எகிப்தில் இதே நிலையில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தைக் கொடுத்தபோது உயரமும் கூடியது, பருவமும் வந்தது.

அதே துத்தநாகத்தை ஃபோலிக் அமிலத்தோடு சேர்த்து, அமெரிக்காவில் குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியரில் பாதிக் கணவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைபாடு உண்டா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர் இவர்கள். 2020-இல் முடிவு வந்தது: விந்தின் தரம் உயரவில்லை, குழந்தைப்பேறும் கூடவில்லை, வயிற்றுத் தொல்லைதான் மிச்சம்.

நம் ஊரில் எனக்குப் பெரிய கவலை வைட்டமின் பி12. சர்க்கரைக்காகப் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நல்ல மருந்து, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் நாளடைவில் குடல் பி12-ஐ உறிஞ்சுவதை அது குறைக்கக்கூடும். நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இது நேரலாம். பி12 பால், தயிர், முட்டை, மீன், கறியில் உண்டு, கீரையில் கிடையாது. கல்லீரலில் இருப்பு இருப்பதால் குறைவு வெளியே தெரியச் சில வருஷம் ஆகும். அப்போது பாதம் மதமதவென்று ஆகிவிடும், காலிலிருந்து செருப்பு நழுவியதுகூடத் தெரியாது. விறைப்புக்கும் நரம்பு வேண்டும்: நரம்பு தூண்டினால்தான் ரத்தக்குழாய் விரிந்து ரத்தம் நிறையும். சர்க்கரையும் இதே நரம்புகளைத்தான் கெடுக்கிறது. அதனால் "எல்லாம் சர்க்கரையால வந்தது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். குறைவென்றால் ஊசியோ மாத்திரையோ போதும். சீக்கிரம் பிடித்தால் நரம்பு தேறும், தள்ளிப்போட்டால் தேறாமலும் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போவது 3 முதல் 4. அடைப்பு முதலில் சிறிய குழாயில்தான் தெரியவரும். விறைப்புக் கோளாறு சிலருக்கு மாரடைப்புக்குச் சில வருஷம் முன்பே வரும் எச்சரிக்கை. பாட்டிலோடு வீட்டுக்குப் போகிறவர் அதைத் தவறவிடுகிறாரே என்பதுதான் என் வேதனை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, எத்தனை வருஷமாக மெட்ஃபார்மின், கால் மரத்துப்போகிறதா, தாம்பத்தியத்தில் சிரமமா என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம், கூட்டத்தில் கேட்க நேரம் இருக்காது. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தோடு பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு சீட்டில் எழுதி மருந்துச் சீட்டோடு சேர்த்து நீட்டுங்கள்.